விருந்தாளியாக ஆடியவர்கள்

ஷெப்பர்டனுக்கு வேலை மாறி வந்த முதல் குளிர்காலத்தில், மருந்தகத்தில் என்னோடு நின்ற பெண்ணொருத்தி சனிக்கிழமை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் ரம்பலாரா கழகத்துக்கு வா, வலைப்பந்தாட்டத்துக்குப் புள்ளி எழுத ஆள் இல்லை என்றாள். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணியில் ஆடியிருக்கிறேன் என்று எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன். நாட்டுப்புற அவுஸ்திரேலியாவில் அப்படி வாய் தவறினால் தப்ப முடியாது. பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் ஏறிவிடும்.

ஷெப்பர்டன் விக்ரோரியா மாநிலத்தில், மெல்பேர்ணிலிருந்து வடக்கே கார் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழத்தோட்டங்களும் பால்பண்ணைகளும் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஆலையும் உள்ள ஊர். கோல்பர்ன் ஆற்றைத் தாண்டினால் மூரூப்னா என்ற சிறிய ஊர். இரண்டுக்கும் நடுவில், ஆறு பெருகும்போதெல்லாம் மூழ்கிப்போகும் தாழ்நிலம். அந்தத் தாழ்நிலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கே திரும்பி வரும்.

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் கோயிலின் இடத்தில் மைதானம் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு 'ஃபுட்போல் நெற்போல் கிளப்': ஆண்களுக்கு உதைபந்து, பெண்களுக்கு வலைப்பந்து, இரண்டும் ஒரே கழகம், ஒரே நிறம், ஒரே சனிக்கிழமை. திருவிழாவுக்கு உபயகாரர் இருப்பதுபோல இங்கே சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு குடும்பம், வாசலில் டிக்கெட் கிழிக்க ஒரு குடும்பம், கோல் கம்பத்தடியில் வெள்ளைக் கொடி அசைக்க ஒருவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. முறை தவறினால் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

இவர்களுடைய உதைபந்தாட்டத்துக்கும் நம்முடையதற்கும் சொந்தம் பெயரில் மட்டும்தான். பந்து முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் ஆறுதலுக்கு 1. மெல்பேர்ணில் 1859இல் விதி எழுதிய ஆட்டம் இது. வலைப்பந்து எனக்குத் தெரிந்ததுதான்: 7 பேர், நெஞ்சிலும் முதுகிலும் எழுத்து, பந்தோடு ஓடக்கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும். இங்கே 1970 வரைக்கும் அதைப் பெண்கள் கூடைப்பந்து என்றுதான் அழைத்தார்களாம். புள்ளி எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், இலங்கை என்று நான் சொன்னதும் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டி அந்த உயரமான பெண்ணின் ஊரா என்று கேட்டார். ஆம் என்றேன், பெருமையோடு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குலம், 2019 உலகக் கிண்ணத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கூடையில் போட்டவர், மெல்பேர்ண் கழகத்துக்கும் ஆடியவர். வேறெந்த விடயத்திலும் என் ஊரை இவ்வளவு விரைவாக அடையாளம் கண்டவர் இந்த நாட்டில் இல்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குச் சிறுமிகளின் ஆட்டத்தோடு தொடங்கியது. மதியத்துக்குள் நான்கைந்து தரத்து அணிகள் ஆடி முடித்தன. பக்கத்துப் புல்வெளியில் பையன்கள், பிறகு இரண்டாம் அணி, இரண்டு மணிக்கு மேல் முதல் அணி. மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கோல் விழும்போதெல்லாம் எல்லாக் கார்களும் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. பெரும்பாலான கழகங்களில் இதே காட்சிதான். ரம்பலாராவில் ஒரு வித்தியாசம், வாசலில் டிக்கெட் கிழித்தவரும் கொடி அசைத்தவரும் சூப் ஊற்றியவரும் பெரும்பாலும் யோர்ட்டா யோர்ட்டா மக்கள். இந்த ஆற்றங்கரைகளின் பழங்குடிகள். அவர்கள் நடத்தும் கழகம் இது.

இந்தக் கழகத்தின் வயதைக் கேட்டால் 1997 என்பார்கள், வட்டார லீக்கில் இடம் கிடைத்த ஆண்டு. எனக்குச் சொன்ன முதியவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அவர் கதையை 1881இல் தொடங்கினார், அதுவும் மைதானத்தில் அல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில். தொடங்கியவுடன் என் காது நிமிர்ந்தது.

தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் 1859இல் மொரீசியசில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையின் பெயர் பீர்சாகிப், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இவரைத் தமிழ் வம்சாவளியினர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பீர்சாகிப் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கும் நாகூர்ப் பக்கம்தான் நினைவு ஓடியது. ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாடும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறேன். அவர் செய்த வேலை போதும். மருத்துவம் படிக்க விரும்பியவர், காய்ச்சல் வந்து கை நடுக்கம் மிஞ்சியதால் அது நடக்கவில்லை. மெல்பேர்ணின் பிரைட்டன் கடற்கரையில் மலோகா என்ற பழங்குடியினருக்கான கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பின் மக்களைச் சந்தித்தார், அவர்களோடு மரே ஆற்றங்கரைக்குப் போய் ஆசிரியரானார். ஏடா கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டாப் பெண்ணை 1885இல் மணந்தார். மக்கள் 1888இல் மலோகாவை விட்டு அருகிலிருந்த கமெராகஞ்சா என்ற பழங்குடியினர் குடியிருப்புக்குப் பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் பெயர்ந்தது. 1922 வரை கற்பித்தார். பழங்குடிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் தேவையில்லை என்று அரசு நினைத்த காலம். அவர் அந்தக் கோட்டில் நிற்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு நிறுத்தியிருக்க வேண்டிய அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். ஏடாவின் சகோதரர் வில்லியம் கூப்பர், நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் வேண்டுமென்று மன்னருக்கு மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டியவர். 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களை அடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, மெல்பேர்ணிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகப் போய்க் கண்டனக் கடிதம் கொடுக்க முயன்றார். தம்முடைய சொந்த நாட்டில் குடியுரிமையே சரியாக இல்லாத மனிதர்! இப்போது ஷெப்பர்டன் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. பிறகு பழங்குடியினர் உரிமைக்காகப் போராடிய மார்கரெட் டக்கர். பிறகு டக் நிக்கொல்ஸ்.

நிக்கொல்சிடம் வந்தால்தான் பந்து கதைக்குள் வருகிறது. 1906இல் கமெராகஞ்சாவில் பிறந்தவர், உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், ஓட்டம் மின்னல். கமெராகஞ்சாவுக்கு அப்போதே சொந்த அணி இருந்தது. சுற்றுவட்டார வெள்ளையர் அணிகளைத் தொடர்ந்து தோற்கடித்ததால், 25 வயதுக்கு மேற்பட்டவர் ஆடக்கூடாது என்று லீக் ஒரு விதியைக் கண்டுபிடித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். வயதைக் கொண்டு வெட்டுவது எவ்வளவு நாகரிகமான வேலை! நிறத்தைச் சொல்லத் தேவையே இல்லை.

நிக்கொல்ஸ் 1927இல் மெல்பேர்ணுக்குப் போய் கார்ல்டன் கழகத்தில் தேர்வுக்கு ஓடினார். அங்கே அவர் உடம்பு நாறுகிறது என்றார்கள். தசை பிடித்துவிடும் ஆட்கள் அவரைத் தொட மறுத்தார்கள். திரும்பி நடந்தவர், நோர்த்கோட் அணியில் சேர்ந்து 1929இல் கோப்பை வென்றார், 1932இல் ஃபிட்ஸ்ராய்க்குப் போனார். அங்கே முதல் நாட்களில் உடை மாற்றும் அறையில் தனியே ஒரு மூலையில் நின்றவரின் பக்கத்தில், அந்தக் காலத்தின் பெரும் நட்சத்திரம் ஹேடன் பன்ரன் போய்த் தம் பையை வைத்தார் என்பது உதைபந்தாட்ட ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நிக்கொல்ஸ் பின்னாளில் போதகரானார், 1972இல் சேர் பட்டம் பெற்றார், 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். தேசிய லீக்கின் பழங்குடியினர் சுற்று இப்போது அவர் பெயரில் நடக்கிறது. சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பை வைத்த கதைதான் உறுத்துகிறது. அது அழகான கதை. யாரோ ஒரு நல்லவர் மனம் வைத்தால்தான் உனக்கு இடம் என்பதும் அதே கதைதான்.

1939 பெப்ரவரி 4ஆம் திகதி கமெராகஞ்சா மக்கள் எழுந்து நடந்துவிட்டார்கள். பங்கீட்டு உணவு போதாமை, காசநோய், அதிகாரியின் அடாவடி என்று காரணங்கள் குவிந்திருந்தன. 150க்கும் மேற்பட்டவர்கள் மரே ஆற்றைக் கடந்து, நியூ சவுத் வேல்சிலிருந்து விக்ரோரியாவுக்குள் வந்தார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் சூப் ஆறிப்போனது. 1995 ஒக்டோபரின் கடைசி இரவுகளில் ஒன்றில், பன்னிரண்டு வயதில், போருக்கு அஞ்சி வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கூட்டத்தில் நானும் நடந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல, ஒப்பிடவும் எனக்கு உரிமையில்லை. பாலத்தில் நகர முடியாமல் நின்ற நேரத்தில், பாடசாலை வலைப்பந்துத் திடலின் சீமெந்தில் நாங்கள் சுண்ணாம்பால் போட்ட வட்டம் மழையில் அழிந்திருக்கும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

ஆற்றைக் கடந்தவர்கள் பழம் பறிக்கவும் தகரமடைக்கும் ஆலைகளில் வேலை செய்யவும் ஷெப்பர்டன் பக்கம் வந்தார்கள். ஊருக்குள் வீடு கொடுப்பார் இல்லை. அப்போதுதான் அந்தத் தாழ்நிலம். மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தட்டி விரித்துச் சுவர், சாக்கு தைத்துக் கதவு, பக்கத்தில் ஊரின் குப்பைமேடு. வெள்ளம் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அந்த இடத்துக்கு 'ஃப்ளாட்' என்றுதான் பெயர், தட்டையான நிலம். 1954இல் எலிசபெத் ராணி இந்த வழியாகப் போனபோது, குடிசைகள் அவர் கண்ணில் படாமலிருக்கச் சாலையோரம் சாக்குத் திரை கட்டினார்கள். கதவுக்குச் சாக்கு கிடைக்காமல் தவித்த மக்களை மறைக்க, நீளம் நீளமாகச் சாக்கு கிடைத்திருக்கிறது.

1958இல் மூரூப்னாவில் பத்துக் கொங்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர்தான் ரம்பலாரா. வானவில்லின் முடிவு என்று பொருள் சொல்கிறார்கள். வானவில் பன்னிரண்டு ஆண்டு அளவில் கலைந்தது. குடும்பங்களை ஊருக்குள் வெவ்வேறு தெருக்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பெயர் மட்டும் தங்கியது. முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு, பிறகு கழகத்துக்கு.

இத்தனை காலமும் அவர்கள் உதைபந்து ஆடாமல் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஊர் அணியிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஆடினார்கள். கறுப்பு இளைஞன் ஒருவன் வேகமாக ஓடினால் அவனைத் தம் அணிக்கு இழுக்க ஊர்கள் போட்டி போட்டன. சனிக்கிழமை தோளில் தூக்குவார்கள். அதே தோள்காரர் திங்கட்கிழமை வீடு வாடகைக்குக் கேட்டால் கதவைச் சாத்துவார். அவனுடைய தாயும் தங்கையும் மைதானத்துக்கு வந்தால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, ஆட்டம் முடிந்ததும் போய்விடுவார்கள், சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போவதில்லை. இதைச் சொன்ன முதியவர் தம் தாயைப் பற்றித்தான் சொன்னார். அவர் ஆடியது மூன்று வெவ்வேறு ஊர்களுக்கு. மூன்றிலும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, விருந்தாளியைப் போல நடத்தினார்கள் என்று திருத்தினார்.

எனக்கு இந்தக் கழகத்தின் முழு வரலாறும் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. விருந்தாளிக்கு நல்ல கதிரை கிடைக்கும், முதல் கோப்பை தேநீர் கிடைக்கும். அடுப்படியில் என்ன சமைப்பது என்று அவரிடம் கேட்க மாட்டார்கள். எழுந்து போகும் நேரம் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தக் கழகம் வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டார்கள். கழகத்தின் முதல் தலைவரான போல் பிரிக்ஸ் போன்றவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தனி அணி எதற்கு, எங்களோடேயே ஆடலாமே என்பது வழக்கமான பதில். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். காலம் மெல்ல மாறியது. 1993இல் மெல்பேர்ணில் நிக்கி வின்மார் என்ற பழங்குடி வீரர், வசைபாடிய கூட்டத்துக்கு எதிரே சட்டையை உயர்த்தித் தம் தோலைச் சுட்டிக் காட்டினார். 1995இல் தேசிய லீக் இனவசைக்கு எதிராக விதி கொண்டுவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ரம்பலாராவுக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே கோப்பைகளும் வந்தன.

அந்தப் பத்தாண்டு நாட்டுப்புறக் கழகங்களுக்குக் கெட்ட காலம். பெரிய இயந்திரங்கள் வந்து பண்ணைகளில் ஆட்கள் குறைந்தார்கள், படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், அணிக்கு 18 பேர் சேராமல் ஜென்ம விரோதிகளான இரண்டு ஊர்கள் ஒரே கழகமாக இணைந்தன. மாநிலமெங்கும் இடையில் சிறுகோடு போட்ட பெயர்கள் பெருகியது அப்படித்தான். அதே காலத்தில் இங்கே ஒரு கழகம் புதிதாகப் பிறந்தது, அதுவும் ஆள் பற்றாமல் அல்ல, ஆட்கள் மற்றவர்களின் அணிகளில் சிதறிக் கிடந்ததால்.

வலைப்பந்து இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் கட்சி. உதைபந்து மட்டும் இருந்த காலத்தில் இந்த ஊர்க் கழகங்களில் பெண்களின் வேலை சான்ட்விச் வெட்டுவதும் சட்டை தோய்ப்பதும். வலைப்பந்து சேர்ந்ததும் அவர்களும் ஆடவந்தார்கள். சான்ட்விச்சும் வெட்டினார்கள் என்பது வேறு விடயம். உதைபந்துக்கு வெளிச்சக் கம்பமும் வெந்நீர்க் குழாயும் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வலைப்பந்துக்காரிகள் காருக்குள் உடை மாற்றிக்கொண்ட கழகங்கள் ஏராளம். ஆனால் ரம்பலாராவைப் போன்ற ஒரு சமூகத்துக்குப் பெண்கள் அணி வெறும் துணை அல்ல. மகன் மட்டும் ஆடினால் தாய் காருக்குள் இருக்கலாம். மகளும் பேத்தியும் ஆடும்போது எவ்வளவு நேரம்தான் காருக்குள் இருப்பது? ஒரு குடும்பத்தில் பாட்டி மேசையில், தாய் நடுக்களத்தில், பேத்தி பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில் என்று மூன்று தலைமுறையை நானே ஒரே காலையில் எழுதியிருக்கிறேன். இந்த நாட்டின் தேசிய வலைப்பந்து அணியில் இதுவரை ஆடிய பழங்குடிப் பெண்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். மார்சியா எல்லா, ஷரன் ஃபின்னன், பிறகு நீண்ட இடைவெளி விட்டு 2022இல் டொனல் வாலம். வாலம் தம் முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் இங்கிலாந்துக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டபோது, மறுநாள் மருந்தகத்தில் என் தோழி மாத்திரை எண்ணுவதை இரண்டு முறை தவறவிட்டாள்.

கழகம் ஆட்டத்தோடு நிற்கவில்லை. ஷெப்பர்டனின் மெர்க்குரி வீதியிலுள்ள மைதானத்தை ஒட்டி, மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்காக ஒரு கல்விக்கூடம் நடத்தினார்கள். விளையாட்டைக் காட்டி இழுத்து வந்து வகுப்பில் உட்காரவைப்பது. ஜேம்ஸ் வாத்தியார் பார்த்திருந்தால் பாடத்திட்டத்தில் குறை கண்டுபிடித்திருப்பார், ஆனாலும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

2006 முதல் ரம்பலாரா ஆடுவது மரே லீக்கில். ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஊர்கள் அதில் இருக்கின்றன. தெற்கே நத்தாலியா, நுமர்கா, கோப்ரம். வடக்கே ஃபின்லி, பாரூகா, மோவாமா. ஒருமுறை மோவாமாவில் ஆட்டம். என்னைக் காரில் ஏற்றிக்கொண்ட தோழி பெருந்தெருவை விட்டு பார்மா வழியாகப் போனாள். பாலத்தில் ஏறியதும் பின் இருக்கையிலிருந்த அவளுடைய அத்தை, கமெராகஞ்சா அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். யூகலிப்டஸ் மரங்களைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டக் நிக்கொல்சை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அத்தை அதற்கு மேல் எதுவும் சொல்லாமல், இன்றைக்கு எதிரணியில் கோல் காவலுக்கு நிற்பவள் முழங்கையால் இடிக்கிற வழக்கமுடையவள், அதைப் புத்தகத்தில் எழுத முடியுமா என்று என்னிடம் விசாரித்தார். முடியாது என்றேன். அதிருப்தியோடு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

லீக் அட்டவணை என்பது பார்வைக்குச் சலிப்பூட்டும் காகிதம். ஒரு வாரம் நீ அவர்கள் ஊருக்கு, மறு சந்திப்பில் அவர்கள் உன் ஊருக்கு. ஆனால் அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இவர்கள் இத்தனை ஆண்டு கதவைத் தட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ரம்பலாராவின் வாசலுக்கு வந்து, ரம்பலாராவின் டிக்கெட்டை வாங்கி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ரம்பலாராவின் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாச் சனிக்கிழமையும் இனிமையாக முடிவதில்லை. வேலியோரத்திலிருந்து வரும் வசைகளைப் பற்றிக் கழகம் பகிரங்கமாகப் பேசியது ஒருமுறை இருமுறை அல்ல. அட்டவணை யாருடைய மனதையும் மாற்றாது. வரவைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் கோல்பர்ன் பெருகி, இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலை மூடப்பட்டது. தாழ்நிலம் முழுவதும் பழுப்பு நீர். பாலத்தருகே நின்று பார்த்தபோது, தோழி நீரின் நடுவில் ஓரிடத்தைக் காட்டி, பாட்டியின் வீடு என்றாள். நான் மரங்களை எண்ணி அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் எனக்குக் கழகத்தின் மேலங்கி ஒன்று கொடுத்தார்கள், இரண்டு அளவு பெரியது. வலைப்பந்தில் புள்ளி எழுதுவோர் இரண்டு பேர், கழகத்துக்கு ஒருவர். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒருவர் சொல்ல மற்றவர் எழுத வேண்டும், ஒவ்வொரு கால் பகுதியின் முடிவிலும் இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வடக்கேயுள்ள ஓர் ஊரிலிருந்து வந்த பண்ணைக்கார மூதாட்டி, முழங்காலில் கம்பளிப் போர்வை. ஐம்பது ஆண்டாகப் புள்ளி எழுதுகிறாராம், பென்சிலை என்னைவிட வேகமாக ஓட்டினார். இரண்டாம் கால் பகுதியில் எங்கள் கணக்கு ஒரு கோல் இடித்தது. தவறு என்னுடையதுதான். அழித்து எழுதினேன். இடைவேளை மணி அடித்ததும் அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, இந்த மைதானத்துக்கு இப்போதுதான் முதல் தடவை வருகிறேன், தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளிடம் கேட்கிறோம் என்ற யோசனை அவருக்கு இல்லை. மேலங்கியைப் பார்த்தார், கேட்டார். நான் எழுந்து, நீங்கள் இருங்கள், குளிராக இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன், சீனி எத்தனை என்றேன்.